அரிசிமாவுப் பெட்டி

லூன்ட்பி ஊர் கோ-ஆப் கடைக்கு முன்னால் வண்டியை நிறுத்திய ஆர்விட் டோகர்சன் கால்மணி நேரமாக இறங்கவில்லை. பக்கத்து இருக்கையில் ஒரு அட்டைப்பெட்டி, அதற்குள் ஐந்து கண்ணாடி ஜாடிகள், ஜாடிகளின் மேல் மனைவி லெனோரா எழுதிக்கொடுத்த சீட்டு. விஸ்கான்சின் மலைச்சரிவுகளில் முப்பத்துநாலு வருஷம் பால் டேங்கர் லாரி ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர் அவர். பனியில் சறுக்கி லாரி பள்ளத்தைப் பார்த்துப் போனபோதுகூடப் பதறாதவருக்கு இன்று ஒரு மளிகைக் கடை வாசலைப் பார்த்துத் தயக்கம். எல்லாம் வாய் செய்த வினை. நாற்பது வருஷமாக இந்தக் கடையை ‘மாட்டுத்தீவனக் கடை’ என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவர். வாய் வைத இடத்துக்கு இன்று கால் நடந்து போகவேண்டியிருக்கிறது.

ஊரார் பங்கு போட்டு நடத்துகிற கடை அது. முதலாளி என்று தனியாக ஒருவர் கிடையாது. பங்குக்காரர்கள் எல்லாருமே முதலாளிகள், எல்லாருமே வேலையாட்கள்; மாதம் மூன்று மணி நேரம் முறைவேலை பார்க்கவேண்டும். லெனோரா கல்யாணமான மறுவருஷமே பங்கு வாங்கிவிட்டாள். அவள் உள்ளே பருப்பும் மாவும் அள்ளுகிற நேரமெல்லாம் ஆர்விட் வண்டியிலேயே உட்கார்ந்து ரேடியோவில் பேஸ்பால் கேட்பார். போன வாரம் கோழிக்கூட்டுக்குப் போகிற வழியில், உருகியும் உருகாமலும் கிடந்த மார்ச் மாதப் பனியில் அவள் வழுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டாள். கட்டுப்போட்ட காலை நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டு இன்று காலையில் சீட்டு எழுதினாள்.

“பெரிய ரோட்டு சூப்பர் மார்க்கெட்ல வாங்கிட்டு வர்றேனே” என்று கேட்டுப் பார்த்தார் ஆர்விட்.

“அங்க விக்கிற அரிசிமாவு நறநறன்னு மணல் மாதிரி இருக்கும். கேக் எழும்பாது.”

“மாவுன்னா எல்லாம் மாவுதான்.”

“சனிக்கிழமை யார் வர்றாங்கன்னு ஞாபகம் இருக்கா, இல்லையா?”

அவர் ஜாடிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் போனார்.

சனிக்கிழமை வருவது மினியாபொலிஸில் இருக்கும் மகன் கர்ட், மருமகள் யோலண்டா, இதுவரை படத்தில் மட்டுமே பார்த்திருக்கிற இரண்டு வயதுப் பேத்தி இனெஸ். யோலண்டாவுக்குக் கோதுமை, பார்லி, ரை மூன்றும் குடலுக்கு ஆகாது. சீலியாக் என்று அந்த நோய்க்குப் பெயர். மூன்று வருஷத்துக்கு முன் ஈஸ்டருக்கு வந்திருந்தாள். அவளுக்கென்றே லெனோரா அரிசிமாவும் பாதாமும் போட்டு ஒரு கேக் செய்தாள். பாத்திரம் பண்டமெல்லாம் இரண்டு தடவை கழுவிச் செய்தாள். அதைச் சாப்பிட்ட யோலண்டா நாலு நாள் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. ஊருக்குப் போனபிறகு கர்ட் போனில் கத்தினான். மனசு நொந்த லெனோரா சொல்லக்கூடாத ஒன்றைச் சொல்லிவிட்டாள்: “அவ வயித்துக்கு ஒண்ணும் இல்லடா. அவ மனசுதான் எங்களை ஏத்துக்கலை.” அது யோலண்டாவின் காதிலும் விழுந்தது. அத்தோடு போக்குவரத்து அறுந்தது.

இப்போது அவர்களாகவே வருவதாகக் கர்ட் கடிதம் எழுதியிருந்தான். கடைசி வரியில், ‘எங்கள் சாப்பாட்டை நாங்களே கொண்டுவந்துவிடுகிறோம்’ என்று இருந்தது. அந்த ஒரு வரியை லெனோரா எத்தனை தடவை படித்தாளோ, கடிதம் மடிப்பில் கிழிந்தே போயிற்று. தன் கையால் செய்தது ஒரே ஒரு துண்டு, மருமகள் வாயில் போகவேண்டும். அவளுக்கு வேறு எந்த ஆசையும் இல்லை. அதனால்தான் ஆர்விட் கடைசியில் வண்டியை விட்டு இறங்கினார்.

உள்ளே காப்பிக்கொட்டை, சீரகம், மண் ஒட்டிய பீட்ரூட் எல்லாம் கலந்த ஒரு வாசனை. சுவர்ப்பலகையில் பூனைக்குட்டி இனாம், விறகு விற்பனைக்கு, பாஞ்சோ வாசிக்கக் கற்றுத்தரப்படும் என்று துண்டுக் காகிதங்கள். தராசுக்குப் பக்கத்தில் ட்ரூடி வெக்ஸ்லர் நின்றிருந்தாள். எழுபது வயது, இரண்டு நரைச்சடை. இளம் வயதில் பூப்போட்ட வேனில் இந்த ஊருக்கு வந்து, வேன் ரிப்பேர் ஆனதால் தங்கி, இந்தக் கடையைத் தொடங்கியவர்களில் ஒருத்தி.

“அடடே, தீவனம் தீர்ந்துபோச்சா ஆர்விட்?” என்றாள்.

“லெனோராவுக்குக் கால்...”

“தெரியுமே. நான் குடுத்தனுப்பின பருப்பு சூப் குடிச்சியா?”

“அது சூப்பா? துணி அலசின தண்ணின்னு நெனச்சேன்.”

“ரெண்டு கிண்ணம் குடிச்சேன்னு உன் பொண்டாட்டி சொன்னா.”

“பசியில குடிச்சேன்” என்றார் ஆர்விட். சொல்லும்போதே காது சிவந்தது.

ட்ரூடி அதற்கு மேல் சீண்டவில்லை. வெறும் ஜாடியை முதலில் நிறுத்து, அந்த எடையைக் காகித நாடாவில் எழுதி ஜாடியில் ஒட்டவேண்டும்; பிறகு வேண்டியதை அள்ளிக்கொண்டு, பெட்டியின் எண்ணையும் எழுதவேண்டும் என்று காட்டினாள்.

“இது எனக்குச் சொல்லணுமா? காலி லாரி எடை, நெறஞ்ச லாரி எடை. இதையேதானே முப்பத்துநாலு வருஷம் பண்ணினேன்” என்றார் ஆர்விட். கொஞ்சம் தெம்பு வந்தது.

படிக்கிற கண்ணாடியை வண்டியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். லெனோராவின் சீட்டு கொட்டை எழுத்தில் இருந்ததால் பிழைத்தார். மைசூர்ப் பருப்பு ஒரு ஜாடி. சுவரில் பொருத்திய கண்ணாடிக் குழாயின் அடியிலிருந்த பிடியை இழுத்தால் பருப்பு சலசலவென்று கொட்டியது. அந்தச் சத்தம் அவருக்குப் பிடித்துப் போனது. தேவையில்லாமல் இன்னொரு தடவை இழுத்தார். காப்பிக்கொட்டை ஒரு ஜாடி. பாதாம் ஒரு ஜாடி. அதில் நாலைந்து வாய்க்குள் போனது.

“உன்னையும் நிறுத்துட்டு உள்ள விட்டிருக்கணும்” என்று அலமாரிக்கு அந்தப் பக்கமிருந்து ட்ரூடியின் குரல் வந்தது.

“கெட்டுப்போச்சான்னு பார்த்தேன்.”

“நாலு பாதாம் திங்கணுமா அதுக்கு?”

மாவுகள் மட்டும், முகப்பில் சாண் உயர எழுத்தில் பெயர் எழுதிய, மூடி போட்ட மரப்பெட்டிகளில் இருந்தன. அவருடைய ரொட்டிக்கு வேண்டிய ரை மாவை முதலில் அள்ளினார். பிறகு நாலடி தள்ளி, தனியாகச் சுவரோரம் இருந்த அரிசிமாவுப் பெட்டிக்குப் போனார். மூடியைத் திறந்தால் உள்ளே கரண்டி இல்லை. ‘கரண்டி வைக்கக்கூடவா துப்பில்லை’ என்று முணுமுணுத்துக்கொண்டே, ரை மாவுக் கரண்டியை எடுத்து, சட்டை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டித் துடைத்துவிட்டு, நாலு கரண்டி அள்ளிப் போட்டார். வேலை கச்சிதமாக முடிந்தது. ஜாடிகளைப் பெட்டியில் அடுக்கிப் பார்த்தபோது, உண்மையைச் சொன்னால், அவருக்கு சந்தோஷமாகவே இருந்தது. நாற்பது வருஷம் வண்டியிலேயே உட்கார்ந்து என்னத்தைக் கண்டோம் என்றுகூடத் தோன்றியது.

அப்போது ரஸ்ஸல் பீப்பர் வந்தார். தேனீ வளர்க்கிறவர், கோடையில் தேன், மற்ற நாளில் பள்ளிக்கூட பஸ். கையில் ஒரு துணிப்பை. ஆர்விட்டுக்குத் தலையசைத்துவிட்டு நேராக அரிசிமாவுப் பெட்டிக்குப் போனவர், சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த கரண்டியை எடுத்தார். அதன் பிடியில் பச்சை நாடா சுற்றியிருந்தது.

“அந்தக் கரண்டி என்ன, தனியா?” என்று கேட்டார் ஆர்விட்.

“ஆமா. பச்சை நாடா போட்டது அரிசிமாவுக்கு மட்டும். வேற மாவுல படக்கூடாது.”

“பட்டா?”

“கோதுமை, ரை எல்லாம் என் மகளுக்கு ஆகாது. ஒரு பொட்டு போதும், நாலு நாள் சுருண்டு படுத்துருவா. பள்ளிக்கூடத்துல யாருக்காவது பிறந்தநாள்னா கேக் திங்கிற பிள்ளைங்களைப் பார்த்துட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பா. இந்தப் பெட்டி மாவை மட்டும்தான் நம்பி வாங்குறேன்.”

“ஒரு பொட்டுன்னா... தூசு மாதிரி?”

“தூசே போதும்.”

ரஸ்ஸல் மூடியைத் திறந்தார்.

தூசு போதும் என்றால் என்னவென்று ஆர்விட்டுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஒரு பண்ணையில் ஒரே ஒரு மாட்டுக்கு ஊசி மருந்து போட்டிருப்பார்கள். அந்த மாட்டுப் பால் தவறிக் கலந்தால் போதும், டேங்கரில் இருக்கும் ஐம்பதாயிரம் பவுண்டு பாலும் சாக்கடைக்குத்தான். குடம் பாலுக்குத் துளி விஷம் என்பதைப் பேச்சுக்குச் சொல்கிறவர்கள் உண்டு, அவர் அதைக் கண்ணால் பார்த்தவர். ஒரு ஜனவரி காலையில் ஒரு பண்ணைக்காரர் செருப்புகூட இல்லாமல் வெறும் காலுறையோடு பனியில் ஓடிவந்து லாரியை மறித்தார். “ஏத்தாதே, ஊசி போட்ட மாட்டைச் சேர்த்துக் கறந்துட்டேன்.” அந்த மனிதருக்கு ஆர்விட் அன்றிலிருந்து தொப்பியைக் கழற்றித்தான் வணக்கம் சொல்வார். சொல்லாமல் மறைத்த இன்னொருவரோடு, அந்த ஆள் சாகும்வரை, அவர் பேசவில்லை.

யாரும் பார்க்கவில்லை. ட்ரூடி பின்பக்கம் இருந்தாள். ஜாடியைக் கட்டிக்கொண்டு வெளியே போனால் அதோடு முடிந்தது. ரஸ்ஸலின் பச்சைக் கரண்டி மாவுக்குள் இறங்கியது.

“நிறுத்துங்க!” என்றார் ஆர்விட். கடை முழுக்கக் கேட்டது. “அள்ளாதீங்க. அது கெட்டுப்போச்சு. ரை மாவுக் கரண்டியை நான்தான் உள்ள விட்டேன்.”

ரஸ்ஸலின் முகம் வெளுத்தது. “நாலு மாசமா அவ நல்லா இருக்கா” என்றார், மெதுவாக. கோபப்பட்டிருந்தாலாவது தேவலை.

ட்ரூடி வந்தாள். பெட்டியைப் பார்த்தாள், ஆர்விட்டைப் பார்த்தாள், மூடியில் ஒட்டியிருந்த எச்சரிக்கையை விரலால் தட்டினாள். “இவ்வளவு பெரிசா எழுதி வெச்சிருக்கேன்!”

“கண்ணாடி வண்டியில இருக்கு.”

“மூளையும் அங்கதானா?”

“அதுவும் அங்கதான்” என்றார் ஆர்விட். “திட்டு. எவ்வளவு வேணும்னாலும் திட்டு. மாவுக்கு உண்டானதை நான் குடுத்துடறேன்.”

“மாவு கிடக்குது. ரை கலந்ததுன்னு எழுதி வெச்சா தோசைக்கல்லுல பான்கேக் சுட ஆள் வரும்.” அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டாள். “இத்தனை வருஷத்துல இந்தப் பெட்டியை எத்தனை பேர் கெடுத்திருப்பாங்கன்னு நெனக்கிறே? வந்து வாய் விட்டுச் சொன்னவங்க நாலு பேர். நீ அஞ்சாவது. சட்டைக் கையை மடிச்சு விடு. பின்னால புது மூட்டை இருக்கு. பெட்டியைக் கழுவிக் காய வெக்கணும்.”

கழுவுகிற வேலை என்றால் ஆர்விட்டுக்குச் சொல்லித் தரவேண்டுமா? பின்கட்டுத் தொட்டியில் தண்ணீர் பிடித்து, முழங்கை வரை நனைய, மூலைமுடுக்கெல்லாம் தூரிகை விட்டுத் தேய்த்தார். முதலில் குளிர்ந்த தண்ணீர், பிறகு சோப்பு, பிறகு கொதிநீர் என்று டேங்கர் கழுவுகிற அதே முறை. ரஸ்ஸல் சும்மா நிற்க மனம் வராமல் கையில் துண்டை எடுத்துக்கொண்டு துடைத்துக் கொடுத்தார். ட்ரூடி சுத்தமான துணியால் மூடியைத் துடைத்தாள். மூன்று பேரும் கொஞ்ச நேரம் மேப்பிள் மரச் சாறு இந்த வருஷம் சீக்கிரம் இறங்கிவிட்டதைப் பற்றிப் பேசினார்கள்.

ஊறிய கரண்டியைத் தொட்டிக்குள் தேடும்போதுதான், சோப்புத் தண்ணீருக்குள் ஆர்விட்டின் கை அப்படியே நின்றுவிட்டது.

ஈஸ்டர் அன்று கேக்கை வெட்டியது யார்? லெனோரா இல்லை. அவள் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். ‘என் மருமகளுக்கு நானே வெட்டித் தருவேன்’ என்று பெருமையாக எழுந்தது இவர்தான். அதற்குச் சற்று முன்னால் தனக்கு ரை ரொட்டி அறுத்த கத்தி கையோடு இருந்தது. துண்டில் ஒரு இழுப்பு இழுத்துத் துடைத்துவிட்டு, கேக்கில் பெரிய துண்டாகப் பார்த்து வெட்டித் தட்டில் வைத்தார். யோலண்டா சிரித்துக்கொண்டே நன்றி சொன்னாள். அந்தச் சிரிப்பையும் அவர் இத்தனை நாளாக நல்ல ஞாபகமாக வைத்திருந்தார்.

“என்னாச்சுய்யா, சுட்டுருச்சா?” என்றாள் ட்ரூடி.

“ஆமா” என்றார் ஆர்விட். “நல்லா சுட்டுருச்சு.”

வீட்டுக்கு வந்து, புது மூட்டையிலிருந்து நிரப்பிய அரிசிமாவு ஜாடியை மேசைமேல் வைத்துவிட்டுத் தொப்பியைக்கூடக் கழற்றாமல் நின்றார். லெனோரா குறுக்கெழுத்து போட்டுக்கொண்டிருந்தாள்.

“உட்காரு. யாராவது செத்துப்போனாங்களா?”

“லெனோரா, உன் கேக் ஒண்ணும் கெட்டுப்போகலை. கத்திதான் கெட்டது. நான் ரை ரொட்டி அறுத்த கத்தி.”

கடையில் நடந்ததிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். அவள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

“எங்க அம்மா குடுத்த மாவுக் கிண்ணத்தைத் தூக்கிப் போட்டேன்” என்றாள். “மரக்கரண்டி அத்தனையும் அடுப்புல வெச்சு எரிச்சேன். தினம் தினம், எதுல ஒட்டியிருந்திருக்கும், எதுல ஒட்டியிருந்திருக்கும்னு... மூணு வருஷம் ஆர்விட்! அடுப்பையே மாத்தினோமே!”

“பழைய அடுப்பு புகைஞ்சுதுதான்...”

குறுக்கெழுத்துப் புத்தகம் பறந்துவந்து அவர் நெஞ்சில் அடித்தது. அடுத்தது பென்சில். அதன்பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பிலேயே அழுகையும் வந்தது. ஆர்விட் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“தப்பு நம்ம கையில இருந்திருக்கு. நான் என்னடான்னா அந்தப் பொண்ணோட மனசைக் குத்தம் சொன்னேன்” என்றாள் லெனோரா.

“வெட்டினது நான், அதை நான் சொல்றேன். பேசினது நீ, அதை நீ சொல்லு.”

வெள்ளிக்கிழமை முழுக்க ஆர்விட் கேக் செய்தார். லெனோரா காலைத் தூக்கி வைத்தபடி உத்தரவு போட்டாள். முட்டையை அவர் அடித்த அடியில் சுவரெல்லாம் தெறித்தது. “பசுவா கறக்கிறே? மெதுவா!” என்று அவள் கத்தினாள். ஆனாலும் மாலை மூன்று மணிக்கு அடுப்பிலிருந்து எடுத்தபோது கேக் பொன்னிறமாக எழும்பியிருந்தது. புதிதாக வாங்கிய கத்தியை உறையைக்கூடப் பிரிக்காமல் பக்கத்தில் வைத்து, இரண்டையும் கண்ணாடி மூடியால் மூடினார்கள்.

சனிக்கிழமை மதியம் சேறு தெறித்த காரில் அவர்கள் வந்தார்கள். கர்ட் கையில் குழந்தை, யோலண்டா கையில் நீலநிறக் குளிர்பெட்டி. அதில்தான் அவர்கள் சாப்பாடு. கோட்டைக் கழற்றுமுன்பே ஆர்விட் சொல்லிவிட்டார். மனப்பாடம் செய்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், கத்தி, ரொட்டி, பச்சைக் கரண்டி என்று தாறுமாறாக வந்தது. லெனோரா ஊன்றுகட்டைகளோடு எழுந்து நின்றுகொண்டு, “உன் மனசைப் பத்தி நான் சொன்னது பொய். என்னை மன்னிச்சிரும்மா” என்றாள்.

யோலண்டா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். “சொன்னதுக்கு நன்றி” என்றாள். அவ்வளவுதான். பிறகு குளிர்பெட்டியைத் திறந்து, தான் கொண்டுவந்த சோற்றையும் கோழிக்கறியையும் தன் தட்டில் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். கேக்கைப் பார்க்காமல் இல்லை, பார்த்தாள். லெனோராவும் சாப்பிடச் சொல்லி வற்புறுத்தவில்லை. அதற்கு அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். குழந்தை இனெஸ் மட்டும் ஒரு கவலையும் இல்லாமல் ஆர்விட்டின் தொப்பியைப் போட்டுக்கொண்டு கோழிகளை விரட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறிக் கூரைப்பனி சொட்டிக்கொண்டிருந்த நேரத்தில், முட்டைக்கூடையோடு ஆர்விட் சமையலறைக்குள் வந்தார். யோலண்டா கேக்குக்கு முன்னால் நின்றிருந்தாள். மூடி எடுத்து வைக்கப்பட்டிருந்தது.

“இந்த மாவு எந்த மூட்டை?” என்று கேட்டாள்.

“புது மூட்டை. என் கண் முன்னால பிரிச்சது. பெட்டியைக் கழுவினது நான்.”

“நீங்களா கழுவினீங்க? எப்படி?”

“டேங்கர் கழுவுற மாதிரி. குளிர்ந்த தண்ணி, சோப்பு, கொதிநீர். அதுல பச்சைக் குழந்தைக்குக் குடுக்கிற பாலை ஊத்தலாம்.”

“கத்தி?”

“உறையே பிரிக்கலை.”

“அந்த ரஸ்ஸல்... அவரோட மகளுக்கும் இதே மாவா?”

“இதே மூட்டைதான். நேத்து காலையிலேயே போன் பண்ணிக் கேட்டேன். பான்கேக் தின்னுட்டு மரத்துல ஏறி நிக்குதாம்.”

யோலண்டா சிரித்தாள். கத்தியின் உறையை அவளே பிரித்து, ஒரு துண்டு வெட்டினாள். கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கடித்தாள். ஆர்விட் முட்டைக்கூடையைக் கீழே வைக்க மறந்து நின்றார். நின்றபடியே, அவசரமில்லாமல், அவள் துண்டு முழுவதையும் தின்று முடித்தாள்.

“நல்லா இருக்கு. ஆனா பயமா இருக்கு, ஆர்விட். சாயங்காலம் வரைக்கும் பயமாத்தான் இருக்கும்.”

“எனக்கும்தான்மா.”

“எனக்கும்” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். ஊன்றுகட்டைகளோடு லெனோரா வாசற்படியில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

“அப்ப வாங்க, மூணு பேருமா உட்கார்ந்து பயப்படுவோம்” என்று அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, யோலண்டா இரண்டாவது துண்டை வெட்டினாள்.